வானில் பதினெட்டு மணி, வாசலுக்கு முப்பது

திருச்சானூரில் ஒரு வீட்டில் பெரியவர் யாராவது கண்ணை மூடினால், துக்கத்துக்கு வருகிறவர்கள் என்ன நோய் என்று விசாரிப்பதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுகிறார்கள்: ‘பையன் எப்போ வர்றான்?’ பையன் இருப்பது கலிபோர்னியாவில். சான்ஹொசே, சன்னிவேல், ஃப்ரீமான்ட் என்று ஊரின் பெயர் வீட்டுக்கு வீடு மாறலாம். கேள்வி மாறுவதில்லை. ஃபிரீசர் பாக்ஸை எத்தனை நாளைக்கு வாடகைக்கு எடுப்பது, புரோகிதரை எப்போது வரச் சொல்வது, கொள்ளி வைக்கப் போவது மகனா, மருமகனா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தே முடிவாகின்றன.

கம்ப்யூட்டரைத் தட்டினால் பதில் நொடியில் வருகிறது. திருப்பதிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் வான்வழித் தூரம் சுமார் 13,900 கி.மீ. பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். கணக்கில் தவறேதும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அங்கிருந்து யாரும் திருச்சானூர் வந்து சேர்ந்ததில்லை. காரணம், வந்த விடை வேறொரு கேள்விக்கு உரியது.

முதலில் அந்தத் தூரம் எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். பழந்தமிழ் நாட்டின் வட எல்லை வேங்கடம், தென் எல்லை குமரி. இன்றைய ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோட்டில் சுமார் 650 கி.மீ.தான். சேர, சோழ, பாண்டியர் மூவரும் பங்கு போட்டு ஆண்ட அந்த நீளத்தை இருபத்தொரு முறை அடுக்கினால் சான்பிரான்சிஸ்கோ வரும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அதில் பாதிக்கு மேல் இரண்டு இடங்கள் விலகி இருக்கவே முடியாது. ஆக, உலகில் இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரமான 20,000 கி.மீ.யில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த இரு ஊர்களுக்கும் இடையே கிடக்கிறது.

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைப் பார்த்தால் கலிபோர்னியாவுக்குக் கிழக்கே பசிபிக் வழியாகவோ, மேற்கே ஐரோப்பா வழியாகவோ போகவேண்டும் என்று தோன்றும். உருண்டை வடிவப் பூகோளத்தை எடுத்து, இரண்டு ஊர்களிலும் விரலை வைத்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வேறு உண்மை தெரியும். நூல் கிழக்கிலும் போவதில்லை, மேற்கிலும் போவதில்லை. திருப்பதியிலிருந்து ஏறக்குறைய வடக்கு நோக்கி, சற்றே கிழக்கில் சாய்ந்து, இமயமலை, திபெத், சீனம், சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, அலாஸ்கா பக்கமாக இறங்குகிறது. கம்ப்யூட்டர் சொல்லும் 13,900 கி.மீ. இந்த நூலின் நீளம். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள்.

நூல் போகும் வழியிலெல்லாம் விமானம் போய்விட முடியாது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

திருச்சானூர்க்காரர்களுக்குப் பயன்படக்கூடிய நேரடி விமானம் முதன்முதலில் வந்தது 2021 ஜனவரியில். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. முதல் விமானத்தை ஓட்டியவர்கள் அனைவரும் பெண்கள். காப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் காப்டன்கள் பாபகாரி தன்மயி, ஆகான்ஷா சோனாவரே, ஷிவானி மன்ஹாஸ் ஆகியோர் போயிங் 777 ரக விமானத்தை வட துருவத்தின் மேலாகப் பறக்கவிட்டுப் பெங்களூர் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாடே பாராட்டியது.

அந்தப் பயணத்தைப் பற்றி அப்போது வெளியான இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரு நகரங்களுக்கும் நேரடித் தூரம் 13,993 கி.மீ. விமானம் பறந்து வந்த வழி ஏறக்குறைய 16,000 கி.மீ. இரண்டாயிரம் கி.மீ. கூடுதல். அதாவது பெங்களூரிலிருந்து டில்லிக்குப் போவதைவிட அதிகமான தூரம் ‘சுற்றிக்கொண்டு’ வந்த கணக்கில் சேர்கிறது.

ஏன் சுற்றவேண்டும்? முதல் காரணம் காற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைகளுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறு போல் ஓயாமல் ஓடும் காற்று உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். மாரிக்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். அது முதுகில் தள்ளினால் லாபம், முகத்தில் அடித்தால் நஷ்டம். எதிர்காற்றில் குறுக்கு வழி போவதைவிட, அதை ஒதுக்கிச் சுற்றிப் போவது பல நாட்களில் சீக்கிரம் கொண்டுசேர்க்கும். எரிபொருளும் மிச்சம். அதனால்தான் ஒரே விமானம் இன்று ஒரு வழியும் நாளை வேறு வழியும் போகிறது. ஆற்றைக் கடக்கும் பரிசல்காரர் எதிர்க்கரையில் இருக்கும் படித்துறையை நேராகக் குறிவைத்துத் துடுப்புப் போடுவதில்லை.

இரண்டாவது காரணம் மலை. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் பயணிகளுக்கு முகமூடி வழியாகக் கிடைக்கும் பிராணவாயு சில நிமிடங்களுக்குத்தான். அதற்குள் விமானி சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாகவேண்டும். கீழே தரையே 4,500 மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது? ஆகவே நூல் அழகாகக் கடந்து போகும் திபெத்தை, விமானங்கள் பெரும்பாலும் ஒதுங்கிப் போகின்றன.

மூன்றாவது, வழியில் இறங்க இடம். இயந்திரத்தில் கோளாறு வந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்கக்கூடிய விமான நிலையம் ஒன்று எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. அது வெறும் ஏட்டு விதியல்ல என்பதை 2023 ஜூன் 6 காட்டியது. டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் இயந்திரக் கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரக்கிழக்கில் உள்ள மகதான் என்ற ஊரில் இறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் அங்கே தங்கினார்கள். இந்தியாவிலிருந்து இன்னொரு விமானம் போய் ஏற்றிக்கொண்டு ஊர் சேர்த்தது. பதினாறு மணி நேரப் பயணம் இரண்டு நாளுக்கு மேல் நீண்டது.

நான்காவது காரணத்துக்கும் இயற்கைக்கும் சம்பந்தமில்லை. அது அரசியல். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. இந்திய விமானங்களுக்கு மூடப்படவில்லை. அதே பெங்களூர், அதே சான்பிரான்சிஸ்கோ, அதே 13,993 கி.மீ. ஆனால் யுனைடெட் நிறுவனம் அறிவித்திருந்த சான்பிரான்சிஸ்கோ-பெங்களூர் சேவையும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அறிவித்திருந்த சியாட்டில்-பெங்களூர் சேவையும் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் நடக்காமலே நின்றன. ரஷ்யாவைச் சுற்றிக்கொண்டு வருவது கட்டுப்படியாகவில்லை.

இந்திய நிறுவனங்களுக்கு அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலை ஒட்டிப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடி, ஜூலையில்தான் திறந்தது. பஹல்காம் படுகொலைக்குப் பிறகு 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு மறுபடியும் கதவடைத்தது. சில நாட்களில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. தடை மாதாமாதம் நீண்டது. டில்லியிலிருந்து அமெரிக்கா போன விமானங்கள் அரபிக்கடல் வரை தெற்கே இறங்கிச் சுற்றவேண்டி வந்தது. வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனவை உண்டு. டில்லி-வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா 2025 செப்டம்பரில் நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. டில்லிக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஒரு கி.மீ. கூடக் கூடவில்லை. வழிதான் அடைபட்டது.

தூரத்துக்குப் பிறகு நேரம். டிக்கெட்டில் அச்சாகும் பயண நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ரேணிகுண்டாவிலிருந்து ஹைதராபாத் வான்வழியில் சுமார் 420 கி.மீ. முழு வேகத்தில் அரை மணி கூட ஆகாது. டிக்கெட்டில் ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கும். டில்லி ஏறக்குறைய 1,680 கி.மீ., நான்கு மடங்கு. ஜெட் விமானத்துக்கு ஆகும் நேரமோ இரண்டரை மணிக்குச் சற்றுக் கூடுதல்தான். தொலைவு குறையக் குறையத் தரையில் போகும் நேரத்தின் பங்கு கூடுகிறது. இந்தப் பாடம்தான் திருச்சானூருக்கு முக்கியம்.

2021 ஜனவரி விமானத்தின் அட்டவணையை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். சான்பிரான்சிஸ்கோவில் இரவு 8.30க்குப் புறப்பாடு. பெங்களூரில் மறுநாளுக்கும் மறுநாள் அதிகாலை 3.45க்கு வருகை. பார்த்தால் முப்பத்தோரு மணி போலத் தெரியும். மாரிக்காலத்தில் கலிபோர்னியாவின் கடிகாரம் நம்முடையதைவிடப் பதின்மூன்றரை மணி பின்தங்கியிருக்கும். அதைக் கழித்தால் பயணம் பதினேழே முக்கால் மணி. இடையில் இருந்த தேதி காலண்டரில் கிழிபட்டதே தவிர, பயணிக்குக் கணக்கில் வரவில்லை.

திருச்சானூரில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு உயிர் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை 4.30. மகனுக்குப் போன் போகிறது. அன்றிரவே விமானம் உண்டு, இடமும் இருக்கிறது, மாலை நெரிசலில் கார் மாட்டிக்கொள்ளாமல் விமான நிலையம் சேர்ந்துவிடுகிறார் என்றெல்லாம் நம்பிக்கொண்டால், 8.30க்கு ஏறிவிடலாம். இங்கே அப்போது காலை பத்து மணி. மறுநாள் அதிகாலை 3.45க்குப் பெங்களூர். குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஐந்தைத் தாண்டும். தேவனஹள்ளியிலிருந்து கோலார், முல்பாகல், பலமனேர், மொகிலி மலைப்பாதை, சித்தூர் வழியாக ஏறத்தாழ 250 கி.மீ. சாலை. ஐந்து மணி நேரம். வீட்டு வாசலில் கார் நிற்கும்போது காலை பத்தரை ஆகியிருக்கும்.

தகவல் போனதிலிருந்து இருபத்தெட்டரை மணி நேரம். இது அதிர்ஷ்டசாலியின் கணக்கு. அதே மரணம் நண்பகலில் நடந்தால் அங்கே இரவு 10.30. விமானம் போயிருக்கும். நேரடிச் சேவை தினசரி இல்லை என்றால் துபாயோ, தோஹாவோ, சிங்கப்பூரோ மாறி வரவேண்டும். முப்பதும் தாண்டும், நாற்பதும் தாண்டும். சென்னையில் இறங்கினாலும் திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக 140 கி.மீ.க்கு மூன்று மூன்றரை மணி நேரம் தனி. சென்னையிலிருந்து கோலாலம்பூர் 2,600 கி.மீ. பறக்க நான்கு மணி போதும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தச் சாலையின் ‘நீளம்’ புரியும்.

கடிகாரத்தில் அடங்காத தூரம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்களில் பலருக்கு பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருக்கும். அங்கே இருப்பதற்கும் வேலை பார்ப்பதற்கும் அது தடையில்லை. ஆனால் வெளியே வந்தால், திரும்பிப் போகச் சென்னையிலோ ஹைதராபாதிலோ உள்ள தூதரகத்தில் புது முத்திரை வாங்கியாகவேண்டும். அதற்கான தேதி எப்போது கிடைக்குமென்று உறுதியில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முப்பது மணி நேரம் பறந்து வருகிறவர், வேலைக்குத் திரும்ப எத்தனை வாரம் ஆகும் என்பதையும் அந்த மாலை நேரத்திலேயே யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாரும் வந்துவிடுவதில்லை. மருமகனோ, தம்பி மகனோ கொள்ளி வைக்க, பிள்ளை செல்போனில் பார்க்கும் காட்சி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

இத்தனைக்கும் திருச்சானூருக்குப் பத்துப் பன்னிரண்டு கி.மீ.யில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. பெயரிலே ‘சர்வதேசம்’ என்ற சொல்லும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம், விசாகப்பட்டினம், விஜயவாடா, திருப்பதி விமான நிலையங்களைச் சர்வதேசத் தரத்துக்கு உயர்த்த முடியுமா என்று ஆராயச் சொன்னது. 2015 அக்டோபர் 22 அன்று ரேணிகுண்டாவில் கருட முனையத்தைப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். 2,286 மீட்டர் நீளமிருந்த ஓடுபாதையை 3,810 மீட்டராக நீட்டும் திட்டமும் கையில் எடுக்கப்பட்டது. பெயர் வந்து பல ஆண்டுகள் கழிந்தும், நிலைத்து ஓடும் வெளிநாட்டு விமானம் மட்டும் வரவில்லை.

ஓடுபாதை நீளத்துக்கும் போகிற தூரத்துக்கும் நேரடி உறவு உண்டு. பதினாறு மணி நேரம் பறக்கும் விமானம் நூறு டன்னுக்கு மேல் எரிபொருள் சுமந்துகொண்டு கிளம்பும். அந்தக் கனம் தரையைவிட்டு எழும்ப நீண்ட ஓட்டம் தேவை. ரேணிகுண்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு நேராக விமானம் விடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும், தினமும் முந்நூறு இருக்கைகளை நிரப்ப இங்கே ஆள் கிடையாது. ஆனால் துபாய் இங்கிருந்து 2,800 கி.மீ. சொச்சம்தான். கோலாலம்பூரும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஏர்பஸ் ஏ-320 போன்ற நடுத்தர ஜெட் நான்கு மணி நேரத்தில் போய்விடும். அதற்குப் பழைய ஓடுபாதையே போதும். வேண்டியது குடியேற்றம், சுங்கம் பார்க்கும் ஆட்களும், விமானம் விட முன்வரும் நிறுவனமும்.

வானத்தில் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. ஆகமத்துக்கு விரோதம் என்பதால் திருமலைக் கோயிலின் மேல் விமானங்கள் பறக்கக் கூடாது என்று தேவஸ்தானம் பல காலமாகக் கேட்டு வருகிறது. 2025லும் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. மலை விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால், தடை எவ்வளவு பரப்புக்கு என்பதைப் பொறுத்து ரேணிகுண்டாவின் எதிர்காலமும் மாறும். பக்தர்களை வரவழைக்கும் மலையும், அவர்களைக் கொண்டுவரும் விமானமும் ஒரே ஆகாயத்தைப் பங்கு போட்டாகவேண்டும்.

இதற்கிடையே தூரத்தை வேறு விதமாகச் சுருக்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தேவஸ்தானத்தின் பக்தி சேனல் 2008ல் தொடங்கியதிலிருந்து கார்த்திகை பிரம்மோத்சவமும் பஞ்சமி தீர்த்தமும் வீடுகளுக்கே போகின்றன. பத்ம சரோவரத்தில் நண்பகலில் சக்கர ஸ்நானம் நடக்கையில் கலிபோர்னியாவில் முந்தைய நாள் இரவு 10.30. காட்சி போய்ச் சேரச் சில விநாடிகளே ஆகின்றன. ஆனால் திருக்குளத்து நீர் தலையில் படவேண்டும் என்பவர் அந்த 16,000 கி.மீ.யையும் கடந்தே தீரவேண்டும்.

ஆகவே டிராவல் ஏஜெண்டிடம் கேட்கவேண்டிய கேள்வி ‘எத்தனை கி.மீ.?’ என்பதல்ல. ‘எத்தனை மணி பறக்கணும்?’ என்பதும் அல்ல. அங்கே வீட்டைப் பூட்டியதிலிருந்து இங்கே வாசலில் செருப்பைக் கழற்றுவது வரை எவ்வளவு என்று கேட்பதே சரி. அப்படிக் கேட்டால் கிடைக்கும் முப்பது மணி நேரத்தில் பதினெட்டு மணி காற்றுக்கும் மலைக்கும் நாடுகளின் பகைக்கும் சொந்தம். திருப்பதியில் யாரும் அதில் கை வைக்க முடியாது. மிச்சமுள்ள பன்னிரண்டு மணி தரையில் இருக்கிறது. அதில் ஐந்து மணி நேரம் பலமனேர் சாலையில் கரைகிறது. ரேணிகுண்டாவில் வெளிநாட்டு விமானம் இறங்கும் நாளில் குறையப் போவது அந்த ஐந்துதான். ஃபிரீசர் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு அது சின்னக் கணக்கல்ல.